பரண்டூலுக்கு வந்த இரண்டு நாற்காலிகள்

நான் கட்டிய வரி எங்கே போனது என்று தெரியாமல் புலம்புகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். எனக்கு நன்றாகத் தெரியும். என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் பரண்டூல் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், இரண்டு நாற்காலிகளாக அது உட்கார்ந்திருந்தது.

சாதாரண நாற்காலி இல்லை. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களைச் சாய்த்து வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மெஷின், அதற்குத் தனித் தண்ணீர்க் குழாய், சுவரில் டி.வி. எல்லாம் புதுசு. என் புருஷன் கெல்வினுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் அவனை மெரிகண்டி நகரத்துக்குக் கூட்டிப்போகிறேன். போக நூற்றெழுபது கிலோமீட்டர், வர அதே நூற்றெழுபது. பரண்டூல் ஆஸ்பத்திரியோ எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. அங்கே நாற்காலி உண்டு, மெஷின் உண்டு, நர்ஸ் மட்டும் கிடையாது. கதை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

புருஷனை அவன் இவன் என்கிறேனே என்று பார்க்காதீர்கள். எங்களுக்குள் எப்போதும் அப்படித்தான். மரியாதை வந்துவிட்டால் சண்டை என்று அர்த்தம்.

கெல்வின் எங்கள் வட்டார நிர்வாகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கிரேடர் ஓட்டினவன். மழை பெய்து சேறாகிப்போன மண் ரோட்டையெல்லாம் இழுத்துச் சமன் செய்கிற பெரிய மஞ்சள் வண்டி. இந்தப் பக்கத்தில் எந்த ரோட்டைச் சொன்னாலும் அது எங்கே குழி விழும், எங்கே தண்ணீர் தேங்கும் என்று சொல்வான். காரில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவான். எனக்குக் காது புளித்துவிட்டது.

மெரிகண்டியில் இருக்கிற டாக்டரம்மா அவனிடம் ஒரு நாள் பதமாகப் பேசிப் பார்த்தாள்.

"வீட்ட வித்துட்டு இங்கயே வந்துடலாமே கெல்வின். ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு. இருட்டுல கங்காரு குறுக்க வந்தா என்ன பண்ணுவீங்க?"

"இங்க வந்து நான் என்ன பண்றது? ஜன்னல்ல உக்காந்து ரவுண்டானாவ எத்தன கார் சுத்துதுன்னு எண்ணணுமா?"

"வீட்டுலயே மெஷின் வச்சுக்க முடியாதா?"

"எங்க ஊர்த் தண்ணில டீயே திரிஞ்சு போகும். அத என் ரத்தத்துல விடப் போறியா?"

அவள் சிரித்துவிட்டாள். எல்லாரையும் சிரிக்க வைத்துத் தப்பித்துக்கொள்வது அவன் வழக்கம். ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும்போது, ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வந்தவன், பாதி வழியில் சொன்னான்.

"நர்ஸ் வந்தா வரட்டும் நோலீன். வரலன்னா, ஒரு நாள் நான் இத நிறுத்திடுவேன்."

"எத?"

"இந்தக் கார் சவாரிய."

கார் சவாரியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரொம்ப நாள் ஆகாது, ஒன்றிரண்டு வாரம். "உளறாத" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து அந்த நர்ஸ் எனக்குச் சம்பளப் பட்டியலில் இருக்கிற ஒரு ஆள் இல்லை. என் புருஷனின் உயிர்.

நாற்காலிகள் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய தேர்தலில் எங்கள் எம்.பி. ஸ்டூவர்ட் ஹஸ்கெட் கொடுத்த வாக்குறுதி அது. 'ஸ்டூ' என்றுதான் கூப்பிட வேண்டும், மிஸ்டர் போட்டால் கோபித்துக்கொள்வார். அவருக்கு எல்லாரும் 'மேட்', அதாவது தோழன்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், பொய் சொல்லக் கூடாது. ரிப்பன் வெட்ட அவரே வந்தார். நானும் பள்ளிக்கூட கேண்டீன் பெண்களும் தேங்காய்த் துருவல் புரட்டின கேக் செய்து அடுக்கியிருந்தோம். கெல்வினை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லி, அவன் தோளில் கை போட்டுக்கொண்டு ஸ்டூ போட்டோ எடுத்துக்கொண்டார். இவனும் ஈயென்று இளித்தான். போட்டோ எடுத்து முடிந்ததும் எழுந்துகொள்ளச் சொல்லி, உறையை மறுபடி மூடிவிட்டார்கள்.

"இத ஓட்டுறதுக்கு நர்ஸ் எப்ப வராங்க ஸ்டூ?" என்று கெல்வின் கேட்டான்.

"வேலை நடந்துட்டு இருக்கு மேட். சீக்கிரம்."

அரசியல்வாதி வாயில் சீக்கிரம் என்பது ஒரு காலம் இல்லை, ஒரு மனநிலை. அது எனக்குப் புரிய ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் ஆயிற்று.

போன் போட்டேன். தலைநகர் கான்பெராவில் ஒரு பெண் ரொம்ப இனிமையாகப் பேசினாள். நாற்காலி வாங்கிக் கொடுப்பது மத்திய அரசாம், நர்ஸுக்குச் சம்பளம் கொடுப்பது மாநில அரசாம். சரி என்று மாநிலத்துக்குப் போட்டேன். அங்கே ஒரு ஆண், அவரும் இனிமைதான்.

"அந்த நாற்காலிங்கள நாங்க கேக்கவே இல்லையே மேடம். எங்களக் கேக்காம வாங்கி வச்சா, அதுக்கு ஆள் போட எங்க பட்ஜெட்ல இடம் எங்க இருக்கு?"

மறுபடி கான்பெராவுக்குப் போட்டேன். அதே பெண்.

"பொருளா இருந்தா நாங்க தரலாம். ஆள்னா முடியாதுங்க."

"அப்ப நர்ஸையும் பொருள்னு எழுதி ஒரு அட்டப்பெட்டில போட்டு அனுப்புங்களேன். நான் பிரிச்சுக்கிறேன்."

அந்தப் பெண் அதையும் குறித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். கட்டைவிரல் வலிக்கிற வரைக்கும் போன் போட்டேன். பொறுத்திருங்கள் என்று அவர்கள் போடுகிற பியானோ சங்கீதம் எனக்கு இன்றைக்கும் தூக்கத்தில் கேட்கிறது.

அந்த வருஷ பட்ஜெட்டை நானும் கெல்வினும் டி.வி.யில் பார்த்தோம். வழக்கமாக அந்த நேரத்தில் அவன் கிரிக்கெட் கேட்பான். அன்றைக்கு நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். எங்கேயாவது ஒரு மூலையில் 'பரண்டூல், ஒரு நர்ஸ்' என்று அந்த அமைச்சர் படித்துவிட மாட்டாரா என்கிற நப்பாசை. அவர் படித்ததெல்லாம் கோடி, கோடி, கோடி. நீர்மூழ்கிக் கப்பல் வாங்கப் போகிறார்களாம். அதன் விலையைச் சொல்ல அவருக்கு வாய் கொள்ளவில்லை.

"நல்லதுதானே" என்றான் கெல்வின். "எதிரி நம்ம ஓடைக்குள்ள வந்தா புடிச்சிடலாம்."

"ஓடைல ஏது தண்ணி?"

"அது எதிரிக்குத் தெரியாதுல்ல?"

நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அந்தக் கப்பலின் ஒரு கதவுப் பிடியை விற்றால் பரண்டூலுக்குப் பத்து வருஷத்துக்கு நர்ஸ் கிடைக்கும். கதவுப் பிடி இல்லாமல் உள்ளே இருக்கிறவர்கள் சிரமப்படுவார்கள்தான். என் புருஷன் மட்டும் சொகுசாகவா இருக்கிறான்?

அப்புறம் தேர்தல் வந்தது.

ஒரு புதன்கிழமை விடியற்காலை மெரிகண்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். கோதுமைக் கிடங்கு தாண்டினதும் வேலிக் கம்பத்தில் ஒரு பெரிய போஸ்டர் கட்டியிருந்தது. கார் விளக்கு பட்டதும் ஒரு மூஞ்சி பளிச்சென்று தெரிந்தது. நான் பிரேக்கை மிதித்தேன்.

"அட, நான்தான்!" என்றான் கெல்வின்.

அவனேதான். நாற்காலியில் சாய்ந்து இளித்துக்கொண்டிருந்தான். தோளில் ஸ்டூவின் கை. கீழே கொட்டை எழுத்தில், 'டயாலிசிஸ் உங்கள் வீட்டுக்கருகிலேயே. சொன்னோம், செய்தோம்.' அடுத்த வளைவில் இன்னொன்று. பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. நூற்றெழுபது கிலோமீட்டர் டயாலிசிஸுக்குப் போகிற வழி நெடுக, டயாலிசிஸ் வீட்டுக்கருகிலேயே கிடைத்துவிட்டதென்று என் புருஷனே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான்.

நான் காரை நிறுத்தி இறங்கிவிட்டேன். ஒன்றையாவது பிடுங்கி எறியாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும் போல் இருந்தது.

"விடு நோலீன். தேர்தல் போஸ்டர் கிழிச்சா அபராதம்."

"உன் மூஞ்சிய நான் கிழிக்கறதுக்கு எவன்டா அபராதம் போடுவான்?"

"போட்டோல பல்லு நல்லா விழுந்திருக்கு பாரு. இருந்துட்டுப் போகட்டும்."

கம்பிக் கட்டு இறுக்கமாக இருந்தது, என் விரலுக்கு அசையவில்லை. மெஷின் நேரம் தவறிவிடும் என்று அவன் ஹாரன் அடித்தான். வந்து ஏறிக்கொண்டேன். அதற்குப் பிறகு தேர்தல் முடிகிற வரைக்கும் அந்த வழியில் நான் இடது பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

எங்கள் தொகுதி பத்திரமான தொகுதி. இதை டி.வி.க்காரர்கள் பாராட்டு மாதிரி சொல்கிறார்கள். எங்கள் பக்கத்து விவசாயிகள் தாத்தா காலத்திலிருந்து ஸ்டூவின் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். வேலியில் மாடு கட்டினால் கட்டின இடத்திலேயே நிற்கும் என்று தெரிந்த பிறகு எவன் அதற்குக் கூடுதலாகப் புல் போடுவான்? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிற தொகுதிக்குத்தான் பாலம், நீச்சல் குளம், நர்ஸ் எல்லாம். எங்களுக்கு ரிப்பனும் கத்தரிக்கோலும்.

ஒரு சாயங்காலம் மதுக்கடையில் இந்தப் பேச்சு வந்தது. கடைக்காரர் கிளாரிதான் ஆரம்பித்தார்.

"ஸ்டூவ ஒரு தடவ நல்லா பயமுறுத்தணும். பயந்தான்னா அடுத்த வாரமே நர்ஸ் வந்து எறங்குவா."

எங்கள் ஊர் மாட்டு டாக்டர் ப்ரூ டால்கிளீஷ் சுயேச்சையாக நின்றிருந்தாள். பரண்டூலில் கூப்பிட்ட உடனே வீட்டுக்கு வருகிற ஒரே டாக்டர் அவள்தான். எல்லாரும் முதல் எண்ணை ப்ரூவுக்குப் போட்டுவிடுவது என்று கைதட்டி முடிவாயிற்று. இங்கே ஓட்டுச் சீட்டில் ஒருத்தருக்கு மட்டும் போட்டுவிட்டு வர முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாருக்கும் எண் போட வேண்டும்.

"சரி, ரெண்டு யாருக்கு?" என்று நான் கேட்டேன்.

எதிர்க்கட்சிக்கு என்று சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை.

"ஸ்டூவுக்குத்தான்" என்றார் கிளாரி. "பயமுறுத்தத்தானே போறோம்? அதுக்காக அந்தப் பயலுங்களுக்கா போடறது? எங்கப்பா கல்லறைலேருந்து எந்திரிச்சு வந்து என் கழுத்த நெரிப்பாரு."

ப்ரூ பீர் கிளாஸை வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்.

"கேளுங்கப்பா. நான் ஜெயிக்க மாட்டேன். நான் வெளிய போனதும் உங்க ஓட்டெல்லாம் நீங்க ரெண்டு போட்ட ஆளுக்குப் போயிடும். முழு ஓட்டா போகும், பாதியா இல்ல. ரெண்டு ஸ்டூவுக்குன்னா, நேரா ஸ்டூவுக்கே போட்ட மாதிரிதான்."

"தெரியும் ப்ரூ, தெரியும். ஆனா மொதல்ல உனக்குத்தானே போடறோம்? அது அவனுக்கு உறைக்கும்ல?"

"கெல்வினுக்காகப் போடறேன்னு சொல்றீங்க. அந்த ரெண்டாவது எண்லதான் கெல்வின் உயிரே இருக்கு" என்று நான் கத்தினேன்.

கிளாரி என்னைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்தார். "நோலீன், உனக்காக நான் கிணத்துல கூட குதிப்பேன். அத மட்டும் கேக்காத."

நல்ல மனுஷர்கள்தான். என் காருக்குப் பெட்ரோல் போட உண்டியல் வைத்தவர்கள். நான் வராத நாளில் என் கோழிகளுக்குத் தீனி போட்டவர்கள். கட்சி என்று வந்தால் மட்டும் அவர்கள் கை ஒரு வழியில்தான் போகும். மூன்று தலைமுறை ஓட்டித் தேய்ந்த தடம் அது.

தேர்தல் அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூட வாசலில் நான் வழக்கம் போல ஓட்டுப் போட வருகிறவர்களுக்கு சாசேஜ் என்கிற இறைச்சிக் குழல் சுட்டுக்கொண்டிருந்தேன். இங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதம், போட்டால் ரொட்டியில் சுற்றின சாசேஜ். ஜனநாயகத்தில் எனக்குச் சந்தேகமில்லாமல் பிடித்த பகுதி அதுதான். பள்ளிக்கூடத்துக்கு நாலு காசு சேரும். கெல்வின் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வருகிறவர்களெல்லாம் அவனை "ஏய் சினிமா ஸ்டார்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

பதினோரு மணி வாக்கில் ஸ்டூ வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தூசி படாத பூட்ஸோடு.

"கெல்வின்! எப்படி இருக்கீங்க மேட்?"

"பல் நல்லா இருக்கு ஸ்டூ. மத்தது சுமார்."

அவர் அட்டகாசமாகச் சிரித்தார். என் பக்கம் திரும்பினார். "நோலீன், எனக்கு ஒண்ணு. வெங்காயம் கொஞ்சம் தாராளமா."

"நர்ஸ் எங்க ஸ்டூ?"

"உண்மையச் சொல்லட்டுமா? எனக்கும் அது தூக்கத்தக் கெடுக்குது. மாநிலத்துக்காரங்ககிட்ட முட்டி மோதிக்கிட்டிருக்கேன். மறுபடி வந்தா மொத வேல அதுதான்."

அவர் கண்ணைப் பார்த்தேன். பொய் சொல்கிற கண் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று. அந்த மனுஷர் நிஜமாகவே வருத்தப்படுகிறார். போன் எடுத்த கான்பெராப் பெண்ணும் வருத்தப்பட்டாள். மாநில ஆளும் வருத்தப்பட்டார். இத்தனை பேர் வருத்தப்படுகிற ஒரு விஷயம் எப்படித்தான் நடக்காமல் இருக்கிறதோ. அவருக்கு சாசேஜைக் கொடுத்தேன், வெங்காயத்தைத் தாராளமாகவே போட்டேன். பிறகு உள்ளே போய், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று, பென்சில் முனை உடைகிற மாதிரி அழுத்தி அவருக்குக் கடைசி எண்ணைப் போட்டேன்.

பரண்டூல் பள்ளிக்கூடத்து ஓட்டுப் பெட்டியில் ப்ரூதான் முதல். கிளாரி கடையில் அன்று ராத்திரி ஒரு சுற்று இலவசம். ஆனால் தொகுதி பெரிது, பரண்டூல் ஒரு புள்ளி. மொத்தத்தில் ப்ரூ மூன்றாவதாக வந்தாள். அவளுடைய ஓட்டுகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் ஓட்டெல்லாம், அவள் சொன்ன மாதிரியே, கை கோத்துக்கொண்டு ஸ்டூவிடம் போய்ச் சேர்ந்தன. போன தடவையை விட அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார். டி.வி.யில் ஒருத்தன் வரைபடத்தில் எங்கள் தொகுதியைத் தொட்டுக் காட்டி, நாட்டிலேயே மிகப் பத்திரமான தொகுதிகளில் ஒன்று என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனான்.

"பயந்திருப்பானா?" என்று கெல்வின் கேட்டான்.

"நடுங்கிட்டு இருப்பான், போய்ப் படு" என்றேன்.

ஒன்றிரண்டு மாதம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை, நாங்கள் கிளம்ப இருந்த நேரத்தில், ஆஸ்பத்திரிப் பொறுப்பாளர் கேரில் போன் செய்தாள். குரல் சரியாக இல்லை.

"நோலீன், ஒரு லாரி வந்திருக்கு. நாற்காலிங்கள எடுத்துட்டுப் போக."

"எங்க?"

"கடற்கரைப் பக்கம் ஏதோ ஒரு ஊருக்கு. போன தேர்தல்ல ஸ்டூ கட்சிக்காரங்க நூலிழைல ஜெயிச்சாங்களே, அந்தத் தொகுதி. இங்க யாரும் ஒரு நாள் கூட உபயோகிக்கலன்னு அறிக்கை போயிருக்கு. சும்மா கிடக்கற பொருள தேவை இருக்கற எடத்துக்கு மாத்தறாங்களாம்."

காரில் ஏறி நேராக அங்கே போனோம். சந்து குறுகல். என் வயசுக்காரர் ஒருத்தர் லாரியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். கெல்வின் இறங்கிப் போனான். ஏதோ கேட்கப் போகிறான், அவரைத் தடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கையை ஆட்டி, "இடது பக்கம் ஒடி. இன்னும் வா, இன்னும் வா. அங்க பள்ளம் இருக்கு, பாத்து" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தான். லாரி கதவோடு கதவாக அழகாக வந்து நின்றது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனைத் தாண்டி உள்ளே போனேன். ஒரு நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைப் பிடித்து இழுத்தேன். பிய்த்துப் போட்டேன். ஏறி உட்கார்ந்துவிட்டேன். கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டேன். நல்ல நாற்காலி, சொல்லத்தான் வேண்டும். முதுகுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

"இத எடுக்கணும்னா என்னையும் சேத்து எடுங்க" என்றேன்.

லாரிக்காரர் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார். "அம்மா, எனக்கு எடுத்துட்டு வான்னுதான் சொன்னாங்க. வேற ஒண்ணும் தெரியாதும்மா."

"தெரியாதுன்னா தெரிஞ்சுக்கங்க! வெளிய நிக்கறானே, அவனுக்காக வந்த நாற்காலி இது!"

கேரில் சுவரில் சாய்ந்து அழுதாள். யாரும் யாரையும் இழுக்கவில்லை, திட்டவில்லை. லாரிக்காரர் போய் லாரிப் படியில் உட்கார்ந்து காத்திருந்தார். என்னைப் பிடித்துத் தள்ள ஒரு போலீஸ்காரனாவது வந்திருந்தால் தேவலாம் போல் இருந்தது. வெறுமனே உட்கார்ந்திருந்தேன். யாரோடு சண்டை போடுவது என்றே தெரியவில்லை.

கெல்வின் உள்ளே வந்தான். என் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"எந்திரி நோலீன்."

"மாட்டேன்."

"எந்திரிடி. நேரமாச்சு. இப்ப கெளம்பலன்னா மெரிகண்டில என் மெஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இந்த டயாலிசிஸ் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அவனுக்கு இன்றைக்கு டயாலிசிஸ் கிடையாது. திங்கட்கிழமைக்குப் பிறகு கால் வீங்கி, செருப்பு கூட ஏறாமல் நின்றுகொண்டிருந்தான். கைப்பிடியை விட்டேன். எழுந்துகொள்ள அவன்தான் கை கொடுத்தான்.

வீட்டுக்குப் போய் அவன் பையை எடுத்து வருவதற்குள் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு லாரி எங்களுக்கு முன்னால் கிளம்பிவிட்டது. அதுவும் மெரிகண்டி வழியாகத்தான் போக வேண்டும், வேறு ரோடு இல்லை. ஊர் எல்லையிலேயே அதைப் பிடித்துவிட்டேன். பின்னால் தார்ப்பாய் சரியாகக் கட்டாமல், நான் பிய்த்த உறையோடு அந்த நாற்காலி தெரிந்தது. குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது. முந்திப் போயிருக்கலாம், ரோடு காலியாகத்தான் இருந்தது. ஏனோ எனக்குக் கால் அழுத்தவில்லை. அதன் பின்னாலேயே போனேன்.

கெல்வின் ரோட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ரொம்ப தூரம் போன பிறகு வாயைத் திறந்தான்.

"வெள்ளிக்கிழம வேண்டாம் நோலீன்."

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, "வெள்ளிக்கிழம என்ன?" என்றேன்.

"போதும்னு தோணுது. உன்னையும் பாக்கறேன். ஸ்டியரிங்க புடிச்சுட்டு கண்ணு சொக்குது உனக்கு. நான் தப்பா ஒண்ணும் சொல்லல. களைச்சுட்டேன், அவ்வளவுதான்."

நான் கத்துவேன் என்று அவன் எதிர்பார்த்தான் போல. பிரதமரிலிருந்து லாரிக்காரர் வரைக்கும் எல்லார் மேலும் கத்தியிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஆத்திரமே வரவில்லை. அவன் செத்துப்போய்விடுவான் என்று பயமாக இருந்தது. அவ்வளவுதான் இருந்தது எனக்குள், வேறு ஒன்றும் இல்லை.

"இன்னைக்கு?" என்று கேட்டேன்.

"இன்னைக்குத்தான் பாதி வழி வந்துட்டோமே."

மெரிகண்டி ரவுண்டானாவில் லாரி நேராகப் போயிற்று. நான் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினேன். அவனுடைய மெஷின் இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஊசி குத்தி, குழாய் மாட்டி, ரத்தம் சுற்ற ஆரம்பித்ததும் கெல்வின் கண்ணை மூடிக்கொண்டான். அவன் வீங்கின காலைப் போர்வையால் மூடிவிட்டு நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கே இருக்கிற நர்ஸ் நல்ல பெண். அடுத்த முறைக்கு நேரம் குறிக்க வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமையும் இதே நேரந்தானே கெல்வின்?"

கெல்வின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆமா, எழுதிக்கோம்மா" என்றேன்.

கெல்வின் கண்ணைத் திறக்கவில்லை.